இருநூறு டிகிரி

பேராசிரியர் அரைவேக்காடு அன்று காலை தன் மானத்தைத் தானே கப்பலேற்றினார். இருநூறு டிகிரி என்று தட்ட வேண்டிய இடத்தில் நூற்றெண்பது என்று தட்டிவிட்டார்.

அரைவேக்காடு என்பது மாணவராக இருந்தபோது இதே ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம். டாக்டர் பட்டம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

இங்கே வேலை இதுதான். மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாக்கி, இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து உருக்க வேண்டும். பிறகு எண்பது டிகிரிக்கு இறக்கி, தட்டுகளுக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இளகிக் கிடக்கும் மூலக்கூறுகள் மின்சாரத்தோடு சேர்ந்து ஆடும். படிகமாக இறுகியவை அசைந்து கொடுக்காது. அந்த ஆட்டம் திரையில் ஒரு மேடாகத் தெரியும். மேடு தாழத் தாழ, உள்ளே படிகம் வளர்கிறது என்று அர்த்தம். இருநூற்றில் உருக்கினால் இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். நூற்றெண்பதில் உருக்கினால் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் பழைய படிகத் துணுக்குகள் உள்ளே பதுங்கியிருந்து, மளமளவென்று வளர்ந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

எட்டே நிமிடத்தில் மேடு படுத்துவிட்டது.

"இருபது வருஷம் கழிச்சு வந்தும் அதே கூத்தாடா?" என்றார் அக்கா. உடன்பிறந்த அக்கா அல்ல. ஆறு மாதம் முன்னதாக இங்கே சேர்ந்த ஒரே தகுதியில் அக்காவானவர். இப்போது இந்தக் கூடத்துக்கே தலைவி.

"கை நடுங்குதுக்கா, வயசாச்சு."

"அப்பவும் இதையேதான் சொன்ன. அப்ப உனக்கு இருபத்தஞ்சு."

இந்த அளவுக் கருவி நாளை கழிவுக்குப் போகிறது; கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தான் அவர் இன்று உட்கார்ந்திருந்தார். வழியனுப்புக் கூட்டத்தில், அந்தக் கருவியில் தான் எடுத்த மிகச் சிறந்த வரைகோட்டைக் காட்டிப் பேசும்படி அவரை அழைத்திருந்தார்கள். வம்பே அந்தக் கோடுதான்.

மாணவராக இருந்த காலத்தில் ஒரு மதியம் பொத்தானை அமுக்கிவிட்டு, இதோ கிரீச்சிடும் இதே நாற்காலியில் அசந்துவிட்டார். விழித்தபோது திரையில் மேடு பதவிசாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. மூலையில் இருநூறு என்றிருந்தது. அதைத் தட்டியதாக அவருக்கு ஞாபகமே இல்லை. பக்கத்து மேசையில் அக்கா, ஒன்றும் அறியாத முகத்தோடு பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டின் மேல்தான் அவருடைய ஆய்வேடு முழுக்க நின்றது. நன்றிக்கடனாக அடுத்த மூன்று வருடம் அக்காவின் திரவ நைட்ரஜன் குடுவையை மூன்று மாடி தூக்கினார். அது இடித்த வடுக்கள் கதவு நிலையில் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முழங்கால் வலித்த நாட்கள்தான். ஆனாலும் திரும்ப வருமென்றால் இன்றைக்கே தூக்கத் தயார்.

இருநூறு என்று மாற்றியது நீதானே என்று அக்காவிடம் இரண்டு தடவை கேட்டும் பார்த்திருந்தார். பட்டம் வாங்கிய அன்று, "முதல்ல போய்ச் சாப்பிடு" என்றார் அக்கா. அக்காவின் கல்யாணத்தன்று, "போட்டோ எடுக்கிறாங்க, சிரி" என்றார்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு சந்தேகமே தேவையில்லை என்று தோன்றியது. இன்று தப்பாகத் தட்டியவன் அன்று மட்டும் ஒழுங்காகத் தட்டியிருப்பானா?

"அக்கா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் 'இது நான் அளந்தது'ன்னு சொல்லணும். நான் தூங்கினப்ப நீதானே இருநூறுன்னு மாத்தின? ஆமான்னா சொல்லிடு, நாளைக்கு உன் பேரைச் சொல்லிடறேன். சாப்பாடு, போட்டோன்னு மழுப்பாத."

அக்கா பித்தளைத் தட்டுகளைப் பிரித்து, ஒட்டியிருந்த படலத்தைச் சுரண்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"மாத்தலாம்னுதான் எழுந்து வந்தேன். பார்த்தா ஏற்கெனவே இருநூறுன்னு இருந்துச்சு. நான் கையே வைக்கலடா. அது முழுக்க உன்னோடது."

"அப்புறம் ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?"

"சொல்லியிருந்தா, மூணு மாடி யாரு தூக்கியிருப்பா?"