திரும்பி வரும் நடை

மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைச் செக்கரம்மா ஒரே ஒரு தடவைதான் படித்தாள். படித்து முடித்ததும், தம்பி மனைவி காய்த்தோல் சுருட்டிப் போட எடுத்து வைத்திருந்த பழைய காகிதங்களோடு அதையும் சேர்த்துவிட்டாள். தம்பி மனைவி பதறிப்போய் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அரசாங்க முத்திரை குத்திய காகிதம் என்றால் அவளுக்கு ஒரு பயபக்தி. செக்கரம்மாவுக்கு அது கிடையாது. முத்திரை குத்துகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

கடிதம் சொன்னது இதுதான். விண்ணப்பதாரர் எந்த உதவியும் இல்லாமல் எழுந்து நடக்கிறார். கதவைத் தானே திறக்கிறார். அலுவலரோடு இயல்பாகப் பேசியபடி தெருமுனை வரை வந்தார். ஆகவே மோட்டார் பொருத்திய சக்கர நாற்காலி வழங்கத் தேவை எழவில்லை.

பொய் என்று ஒரு வார்த்தையைக்கூட அதில் சுட்டிக்காட்ட முடியாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக, அதாவது செக்கராக, இருந்தவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. டிக்கெட் எடுக்காதவனை ஏறிய படியிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். வாழ்நாளில் மரத்தையே பார்க்காதவன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான் ஒருவன். ஒரே சட்டைப்பையைத் திரும்பத் திரும்பத் துழாவுவான் இன்னொருவன். இத்தனை பேரைப் பிடித்து இறக்கிவிட்டவளை, இன்றைக்கு எவனோ ஒருவன் டிக்கெட் இல்லாதவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டான். அதுவும், ஆளைப் பார்க்கத் தெரியாத ஒருவன்.

அவளுக்கு வந்திருப்பது தொடைத் தசைகள் மெல்ல மெல்லக் கரைந்துபோகும் நோய். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓய்வெடுத்துவிட்டு எழுந்தால் அணிவகுப்பில் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நடப்பாள். கொஞ்ச தூரம்தான். அதற்குப் பிறகு தொடை இரண்டும் நனைந்த துணியாகிவிடும். போய்விடுவாள், திரும்ப முடியாது. "போறதுக்கு எனக்கு யாரும் வேணாம், வர்றதுக்குத்தான் ஆள் வேணும்" என்று மருத்துவரிடமே சொன்னாள். அவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நிறுவனம் அவளைப் பேருந்திலிருந்து இறக்கி, பணிமனையில் தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்தது. குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, சமயத்தில் ஊன்றுகோல்கூட வரும். ஊன்றுகோலை விட்டுவிட்டு எப்படித்தான் இறங்கிப் போனார்களோ என்று அவள் கேட்டால் அறையே சிரிக்கும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பொருளைத் தேடி வருகிறவன் உண்மையான சொந்தக்காரன்தானா என்று கேள்வி கேட்க அங்கேயும் ஓர் ஆள் வேண்டுமே.

இதுவரை தம்பிதான் பைக்கில் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தான். இப்போது அவனை அதிகாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த மாதத்தோடு சரி. மோட்டார் நாற்காலி வந்தால் அவள் தன்பாட்டுக்குப் போய்த் தன்பாட்டுக்குத் திரும்புவாள். வராவிட்டால், பணிமனை மேலாளர் வெல்லம் தடவிய குரலில் சொன்ன மாதிரி, "வீட்டுல நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்." நிம்மதி என்றால் தம்பி வீட்டுப் பின்னறை. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். அதற்குத் தொலைந்த பொருட்கள் அறையிலேயே ஓர் அலமாரியில் தன்னை வைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மதிப்பீட்டு அலுவலர் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்தக் குடும்பம் அன்றைக்குச் செய்தது அதுதான்.

அவர்கள் வளர்ந்த வீட்டில் ஒரு பழக்கம். வருகிறவரை உட்கார்ந்தபடி வா என்று சொல்லக் கூடாது. போகிறவரை வாசலோடு அனுப்பக் கூடாது, தெருமுனை வரை கூடப் போக வேண்டும். கடன் கேட்டு வந்தவனாக இருந்தாலும் அப்பா முனை வரை போய்விட்டுத்தான் வருவார். இது யாரும் சொல்லித் தந்து கற்றதல்ல, மூச்சு விடுவது மாதிரி.

ஆகவே அலுவலர் வருவதற்கு முந்தைய நாள் முழுக்கச் செக்கரம்மா படுத்தே கிடந்தாள், தெம்பைச் சேர்த்து வைப்பதற்காக. தம்பி மனைவி தன் பங்குக்கு, நடக்கப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்தைப் பரணில் ஏற்றிவிட்டாள். கழிப்பறை நாற்காலியின் மேல் பூப்போட்ட போர்வையைப் போட்டு மறைத்தாள். வந்தவர் முகம் சுளிக்கக் கூடாதாம். காலில் தெம்பில்லை என்று சொல்லி உதவி கேட்ட வீட்டை, வாடகைக்கு விடுவதற்குக் காட்டுவது மாதிரித் துடைத்து வைத்திருந்தார்கள்.

அலுவலர் ஓர் எஃகு டேப்போடு வந்தார். கதவின் அகலத்தை அளந்தார். குளியலறைப் படியின் உயரத்தை அளந்தார். அவள் காலை மட்டும் பார்க்கவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் 'டேப்புக்காரர்' ஆனார். கிளம்பும்போது அவள் எழுந்து, நிமிர்ந்து, அவருடைய பிள்ளைகளின் படிப்பை விசாரித்தபடி தெருமுனை வரை நடந்தாள். அவர் கையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு தடவையாவது பின்னால் திரும்பிப் பார்த்திருந்தால், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்திருப்பார். அதற்கப்புறம் அவள் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். தம்பி வேலை முடிந்து வருகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். போகிற வருகிறவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவளும் காற்று வாங்க உட்கார்ந்தவள் மாதிரி வணக்கம் சொன்னாள். தம்பி தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தான்.

முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. தம்பி மனைவி அவளை மனு எழுதுகிறவரிடம் அழைத்துப் போனாள். அலுவலகத்துக்கு எதிரே பிளாஸ்டிக் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அந்த ஆள் செக்கரம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தலை வாரக் கூடாது என்றார். சட்டை கசங்கியிருக்க வேண்டும். உட்காரும்போதும் எழும்போதும் முனக வேண்டும், கண்ணீர் வந்தால் இன்னும் உத்தமம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று குரலைத் தாழ்த்தினார். யார் கையையும் பிடித்து நடந்துவிடக் கூடாது. பிடித்தால், துணையோடு நடக்கிறார் என்று எழுதிவிடுவார்கள். துணை இருக்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது, அது விதி.

"நடிக்கச் சொல்றீங்க" என்றாள் செக்கரம்மா.

"நடிக்கச் சொல்லல மேடம். நல்லாப் புரியுற மாதிரி காட்டச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி முனகிக் காட்டினாள், இடுப்பில் கை வைத்து, கண்ணைச் செருகி. அவ்வளவு தத்ரூபமாக இருந்தது. அவள் போயிருந்தால் இரண்டு நாற்காலி கிடைத்திருக்கும். செக்கரம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் சீருடைக்கு இஸ்திரி போடச் சொன்னாள்.

விசாரணை நாளன்று அவள் அந்தச் சீருடையில்தான் போனாள், மார்பில் பித்தளை வில்லை பளபளக்க. அன்றைக்கு மட்டும் விடுப்பு எடுத்திருந்த தம்பி அவர்களை இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனான். தாழ்வாரத்துப் பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஊன்றுகோலை இடது கக்கத்திலிருந்து வலது கக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டான். டிக்கெட் இல்லாதவன் என்று அவள் மனதில் உடனே குறித்துக்கொண்டாள். பழகிய புத்தி எங்கே போகும்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு மருத்துவர், அவர் கைப்பேசிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் ஒப்புக்குச் சப்பாணி. அந்த இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தைதான், ஆனால் அந்த மனிதருக்கு வேறு வார்த்தை பொருந்தவில்லை. ஓரத்தில் டேப்புக்காரர், தெரிந்தவளைப் பார்த்த சிரிப்போடு. அந்தச் சிரிப்பில் களங்கமே இல்லை என்பது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அறிக்கையில் சொன்னபடி தெருமுனை வரை நடந்தீர்களா என்று தலைவி கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி காலால் நாற்காலியை இடித்தாள். நடந்தேன் என்றாள் செக்கரம்மா. அப்படியானால் அறிக்கை உண்மைதானே என்றார் மருத்துவர், தலையைத் தூக்காமலே.

"பாதி உண்மை சார். நான் போனதை எழுதியிருக்காரு. திரும்பி வந்ததை அவர் பாக்கல."

தலைவி கண்ணாடியை மாட்டி அறிக்கையைப் புரட்டினார். பிறகு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு கேட்டார்: "போன தூரம்தானேம்மா, திரும்பி வர்றதுக்கும்?"

மருத்துவர் தலையாட்டினார். மூன்றாமவரும் ஆட்டினார். இதைக் கேட்பதற்கு மூன்று பேர், மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. இவர்களில் ஒருவர்கூட வாழ்க்கையில் களைத்துப்போனதே இல்லை போலும் என்று செக்கரம்மா நினைத்தாள். வாசல் கேட் வரை நடந்து திரும்புகிறேன், யாராவது கூட வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, டேப்புக்காரரை அனுப்பினார்கள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. தாழ்வாரத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, கேட்டைத் தொட்டாள். டேப்புக்காரருக்குப் பரம திருப்தி. தன் முழங்கால் வலியைப் பற்றிக்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார், மாடிப்படி ஏறினால் குத்துகிறதாம். அவள் திரும்பினாள்.

சரிவு ஏறும்போதே தொடை நடுங்கத் தொடங்கியது. தாழ்வாரத்துக்குள் வந்து, குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இடது கால் அவள் சொல் கேட்க மறுத்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டேப்புக்காரர் சட்டென்று கையை நீட்டி முழங்கையைத் தாங்கினார். நல்ல மனிதன்தான், பாவம். அவளுடைய கையும் தானாக அவர் தோளைப் பிடிக்கப் போனது. அந்த நொடியில் அவர் எழுதப் போகும் வரி அவளுக்கு அச்சில் ஏறிய மாதிரித் தெரிந்தது: ஒருவர் துணையோடு நடக்கிறார்.

"கைய எடுங்க சார்."

"விழுந்துருவீங்கம்மா."

"விழுவேன். எடுங்க."

அவர் எடுத்தார். அவள் விழுந்தாள். அழகாகச் சரியவில்லை, மூட்டை இறக்கின மாதிரி விழுந்தாள். குழாயடி ஈரம் சீருடையில் அப்பியது, வில்லை தெறித்து எங்கோ ஓடியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஊன்றுகோல்காரன் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக அவளே பார்த்த பார்வை. நடிக்கிறாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவளுக்கு முகம் பற்றி எரிந்தது, வெட்கத்தாலா கோபத்தாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கோப்புகள் தள்ளும் வண்டியை உருட்டிக்கொண்டு அலுவலக உதவியாளர் ஓடி வந்தார். தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒத்திகை பார்த்த முனகல் எல்லாம் எங்கே போனதோ, மூக்கு ஒழுக நிஜமாகவே அழுதாள். செக்கரம்மா யாரையும் தொட விடவில்லை. அவர்களை இங்கே வரச் சொல்லுங்கள் என்றாள். பிறந்ததிலிருந்து யாரையும் உட்கார்ந்தபடி வரவேற்காதவள், ஈரத் தரையில் கால் கோணலாக மடங்கியிருக்க, மூன்று அதிகாரிகளுக்காகக் காத்திருந்தாள்.

வந்தார்கள். இவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டாளே என்கிற முகத்தோடுதான் வந்தார்கள். மருத்துவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டார். முதல் தடவையாக அவள் தொடையை அழுத்திப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், தூக்க முடியவில்லை. மறுபடியும் அழுத்தினார். எழுந்து தலைவியின் காதில் ஏதோ சொன்னார். தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"சரிம்மா, நாற்காலி தந்துடுவோம். முதல்ல எழுந்திருங்க" என்றார் தலைவி. குரலில் அப்படி ஓர் இரக்கம் சொட்டியது. இதற்கு அந்த முத்திரை குத்திய கடிதமே மரியாதையாக இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. எழுத்தில் தருவீர்களா என்று கேட்டாள். தலைவி அங்கேயே நின்றபடி, மூன்றாமவரின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் அன்றைக்குச் செய்த ஒரே வேலை அதுதான்.

மூவரும் உள்ளே போனார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் செக்கரம்மா டேப்புக்காரரைப் பார்த்து, "இப்ப கை குடுங்க" என்றாள். அவர் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார். தரையில் தேடி வில்லையைக் கண்டுபிடித்து, தன் சட்டையிலேயே துடைத்து அவளிடம் நீட்டினார். பிறகு குனிந்து, மற்றவர் காதில் விழாமல், உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"இப்படி அன்னைக்கே விழுந்திருக்கலாமேம்மா. உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது."

செக்கரம்மா வில்லையைக் குத்திக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்திருந்தீங்க சார்."