சாம்பல் நூறு

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்த்து ஆளை நம்புவதில்லை. விடுதிப் படியேறி வருகிறவன் முதலில் கையிலிருக்கிற ஃபோனைப் பார்க்கிறான். அப்புறம் தலையைத் தூக்கி எதிரில் நிற்பவனைப் பார்க்கிறான். மறுபடியும் ஃபோன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்க்கிற கடைக்காரன் தோற்றான். ஒரு வணக்கம் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கேட்பது கிடையாது. ஃபோனில் இருப்பதும் எதிரில் இருப்பதும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகே செருப்பைக் கழற்றுகிறான். இதைக் கண்டாலே காத்தமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பெல்லாம் வரும். ராஜகுமாரி போனதிலிருந்து அதுவும் வருவதில்லை.

அந்தமானில், பாராடாங் தீவில், நிலம்பூர் ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அவர்களுடைய விடுதி. மாடியில் நாலு அறை, கீழே மெஸ். ராஜகுமாரி லாட்ஜ் என்று பெயர். பெயருக்குச் சொந்தக்காரியான அவர் மனைவி, மழை ஓய்வதற்குள் காய்ச்சலில் விழுந்தாள். போர்ட் பிளேருக்கு வண்டியில் உட்கார்ந்து போனவள், படுத்துத் திரும்பினாள். கருமாதியும் ஆயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாம் அழுதார்கள். காத்தமுத்து பந்தல்காரனிடம் நாற்காலி குறைகிறது என்று சண்டை போட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் சண்டை போடவும் தோன்றவில்லை. டீயில் சர்க்கரை இல்லையென்றால் குடித்து முடித்த பிறகும் தெரிவதில்லை.

போன வாரம், போலீஸ் காவலோடு காட்டு வழியே வரிசையாக வரும் கான்வாயில் வந்த ஒரு கல்கத்தாக் குடும்பம் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தது. அதில் பெரியவர் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். விடுதியின் வெப்சைட். மேலே முதல் படமாக ராஜகுமாரி, மெரூன் சேலையில், கையில் கரண்டியோடு, பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா கிதர் ஹை? இன்ஸே மில்னா ஹை.”

“மர் கயா,” என்றார் காத்தமுத்து. அவருடைய இந்தியில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது; செத்துப்போனாள் என்பதும் செத்துப்போனான் என்றுதான் வரும்.

அந்த மனிதர் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டுவிட்டார். காத்தமுத்து குழம்பு வாளியோடு நின்றார். ஊற்றுவதா வேண்டாமா என்பதுதான் அப்போது அவருக்கு இருந்த ஒரே கவலை.

அன்று மத்தியானமே மகன் ரவிக்குமார் பேச்சை எடுத்தான். குகை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு விடுகிறவன். கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“அப்பா, வெப்சைட்டுல இருந்து அம்மா படத்தை எடுத்துருவோம். வர்றவன் எல்லாம் அம்மா எங்கன்னு கேக்குறான். பதில் சொல்லி மாளல. சீசன் வேற ஆரம்பிச்சிருச்சு. நல்ல பீச் படமா ஒண்ணு போட்டா முடிஞ்சு போச்சு.”

“நம்ம கிட்ட ஏதுடா பீச்சு? இங்க கிடக்குறது சேறும் மேங்குரோவும்தானே.”

“எல்லா லாட்ஜ்காரனும் அதைத்தான் போடுறான்.”

“அப்ப வாசல் போர்டையும் கழட்டு. பேரை மட்டும் உள்ள வச்சுக்கிட்டு ஆளை வெளிய தள்ளுவியா?”

ரவிக்குமார் மனைவியைப் பார்த்தான். நளினி போர்ட் பிளேரில் படித்தவள். வெப்சைட் அவள் உண்டாக்கியது. மாமியாரை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து அந்தப் படத்தை எடுத்ததும் அவள்தான்.

“படம் அங்கேயே இருக்கட்டும்,” என்றார் காத்தமுத்து. “ஆனா பாத்ததும் புரியணும். அவ போனப்ப படகுக்காரனுங்க ஜெட்டியில ஃபிளெக்ஸ் கட்டினானுங்கல்ல, கருப்பு வெள்ளையில? அதைப் பாத்துட்டு எவனாவது எங்கன்னு கேட்டானா? அந்த மாதிரி ஆக்கு.”

“அது ஒரு வரி வேலை மாமா. அத்தை படம் இருக்கும், கலர் மட்டும் போயிரும்.”

“டீக் ஹை,” என்றான் ரவிக்குமார். “செஞ்சு பாரு. ஆனா ஒரு புக்கிங் போனாலும் படத்தைத் தூக்கிருவேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது.”

கல்லாவுக்குப் பின்னால் இருந்த மேசையில் நளினி லேப்டாப்பைத் திறந்தாள். காத்தமுத்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆசையாக அல்ல. என்ன செய்கிறாள் என்று பார்க்காமல் விட்டால் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள் என்பது அவருடைய அனுபவம். அந்தக் காலத்தில் அவரைச் சிலோனிலிருந்து கப்பலில் ஏற்றும்போது யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். பாதியைத்தான் நம்பினார்; நிக்கோபாரில் கச்சால் தீவில் இறங்கி ரப்பர் பால் வெட்டத் தொடங்கியபோது அந்தப் பாதியே அதிகம் என்று தெரிந்துவிட்டது.

“இதுக்குப் பேரு தீம் மாமா. ரெடிமேடா வர்ற டிசைன்.”

“அப்ப வேற எவனுக்கோ தைச்சது.”

“ஆமா. கை நீளமா இருந்தா நாம மடிச்சு அடிச்சுக்கிறோம்ல, அந்த மாதிரி. இந்தப் பட்டை இருக்கு பாருங்க, முதல்ல நீலமா இருந்துச்சு. அத்தைக்குப் பிடிக்கல. தன்னோட சேலைக் கலர்ல வேணும்னாங்க. இந்தப் பெட்டியில ஒரு வரி எழுதினேன், மாறிருச்சு.”

அந்த வரியை அழித்துக் காட்டினாள். பட்டை நீலமாயிற்று. திரும்ப எழுதினாள். மெரூன்.

“இங்க மாறுது, சரி. வெளியூருல இருக்கிறவனுக்கு?”

“எல்லாருக்கும்தான் மாமா.”

“நீ சொல்ற.”

நளினி சிரிக்காமல் வேலையைப் பார்த்தாள். பெட்டியில் படம் என்பதற்கு இங்கிலீஷில் மூன்று எழுத்து போட்டாள். பக்கத்தில் இரண்டு வளைவு. வளைவுக்கு நடுவில் ஏதோ எழுதி நூறு என்று போட்டாள்.

“என்ன நூறு?”

“சாம்பல் நூறு மாமா. முழுசா கலரை எடுத்துரும். ஐம்பது போட்டா பாதி எடுக்கும்.”

“பாதி எதுக்கு? முழுசாத்தான் போயிட்டா.”

நளினி ஒரு கணம் விசைப்பலகையில் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு அழுத்தினாள். மெரூன் சேலை போயிற்று. அடுப்பின் நெருப்பு போயிற்று. கரண்டியில் இருந்த குழம்பு சேறாயிற்று. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதற்குக் கலர் தேவைப்படவில்லை போல. காத்தமுத்து உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“சரி,” என்று எழுந்தார்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், ‘அத்தை படம் மாத்தியிருக்கு, எல்லாரும் பாருங்க’ என்று நளினி வெப்சைட்டை அனுப்பினாள். அதற்குள் குக்கர் கூப்பிட்டது. பக்கத்தின் மேல் பகுதியைப் பார்த்தாளே தவிர, கீழே தள்ளிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கல்லாவில் இருந்த விடுதி ஃபோன் அடித்தது. காத்தமுத்து எடுத்தார்.

“ரவி… டேய் ரவி… மாமா போயிட்டாராடா? ஒரு வார்த்தை சொல்லலையேடா பாவி!”

கார் நிக்கோபாரில் அரசாங்க வேலையில் இருக்கும் தங்கை மகன் முத்துராஜின் குரல். பின்னால் ஒரு பெண் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்த மாமா?”

“காத்தமுத்து மாமாதான்டா! அம்மா இங்க தரையில உருளுது. கப்பல் டிக்கெட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். பாடியை எப்ப எடுக்குறீங்க?”

காத்தமுத்து யோசித்தார். “இன்னும் முடிவு பண்ணல,” என்றார்.

பிறகு, “நான்தான்டா பேசுறேன். உங்க ஆத்தாகிட்ட குடு,” என்றார்.

ஃபோன் கை மாறியது. தங்கை சொர்ணம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “யாரு… அண்ணனா? பொய் சொல்லாத. ரவிதான் அண்ணன் கொரல்ல பேசுறான். அண்ணன்னா என்னைய ஒரு தடவை வையி பாப்போம்.”

“அடி கூறுகெட்ட சிறுக்கி! உசிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறியே, உன் வாயில மண்ணு விழ.”

“ஐயோ, எங்க அண்ணன்தான்!” என்று சொர்ணம்மா இப்போது வேறு மாதிரி அழ ஆரம்பித்தாள். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “எழுத்தை எல்லாம் யாருண்ணே படிச்சா? படத்தை மட்டும்தான் பாத்தோம். அண்ணி மூஞ்சியும் உன் மூஞ்சியும் ஒரே சாம்பக் கலர்ல. அண்ணி பின்னாலேயே போயிட்டேன்னு நெனச்சேன். தப்பா நெனைக்காத, ஒரு நிமிசம் அதுவும் நல்லதுதான்னு பட்டுச்சு.”

“வச்சிரு,” என்றார் காத்தமுத்து.

கோபம் வரும் என்று ரிசீவரைப் பிடித்தபடி நின்று பார்த்தார். வரவில்லை. நளினியைக் கூப்பிட்டு, தன் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து தரச் சொன்னார். மேலே ராஜகுமாரி. கீழே தள்ளினால், கல்லாவில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் அவர். அவரும் சாம்பல். அதற்குக் கீழே ரவிக்குமாரின் படகு, சாம்பல். மீன் குழம்புத் தட்டு, அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருந்தது.

“ஐயையோ,” என்று நளினி தலையில் கை வைத்தாள். “படம்னு பொதுவா எழுதிட்டேன் மாமா. பக்கத்துல இருக்கிற எல்லாப் படத்துக்கும் போயிருச்சு. அத்தை படத்துக்கு மட்டும் தனியா ஒரு பேரு வச்சுக் கூப்பிட்டிருக்கணும்.”

“ரப்பர் தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர்ல, பேரைச் சொல்லாம ‘ஏய்’னு கூப்பிட்டா எல்லாரும்தான் திரும்புவாங்க. இதுகூடத் தெரியாமலா அந்தப் பெட்டியில எழுதின?”

பதில் சொல்லும் முன்பு ரவிக்குமார் ஜெட்டியிலிருந்து வந்து நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது.

“இப்பதான் ஒருத்தன் ஃபோன் பண்ணினான். லாட்ஜ் பந்த் ஹோ கயா க்யான்னு கேக்குறான். நல்லாத்தான் நடக்குதுங்கிறேன், நம்ப மாட்டேங்கிறான். டீக்கடை சுரேந்திரன் என்னைக் கட்டிப் பிடிச்சு, ‘அப்பாவுமாடா?’ன்னு கேட்டான். போதும் நளினி. படத்தைத் தூக்கு.”

நளினி மாமனாரைப் பார்த்தாள். காத்தமுத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினால் ராஜகுமாரி எங்கேயும் இருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஜெட்டி ஃபிளெக்ஸை மழைக்குக் கூரையில் போட எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

“ஒரே ஒரு தடவைங்க,” என்றாள் நளினி புருஷனிடம். “தப்பு என்னோடது, அத்தையோடது இல்ல. பேரு வச்சு எழுதிப் பாக்குறேன். சரியா வரலன்னா நானே எடுத்துர்றேன்.”

ரவிக்குமார் சுவரில் சாய்ந்து நின்றான். நளினி பழைய வரியை அழித்தாள். ராஜகுமாரியின் படத்துக்கு ‘அத்தை’ என்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்தாள். பெட்டிக்குப் போய், முன்னால் ஒரு புள்ளி வைத்து அந்தப் பெயரை எழுதி, சாம்பல் நூறு அவளுக்கு மட்டும் என்று ஆக்கினாள்.

“இப்பப் பாருங்க.”

ரவிக்குமார் தன் ஃபோனில் பார்த்தான். மேலே அம்மா மட்டும் கலர் இல்லாமல் நின்றாள். மெரூன் பட்டை மெரூனாக இருந்தது. அப்பாவின் துண்டு பச்சை, படகு நீலம், குழம்பு சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்தான். கட்டை விரலால் மேலே தள்ளி அம்மாவை மட்டும் மறுபடி பார்த்தான்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும்,” என்றான். வெளியே போய்விட்டான். பீச் படம் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

காத்தமுத்து தன் ஃபோனை நளினியிடம் நீட்டினார். “இதுல ஒண்ணும் மாறல.”

அதில் ராஜகுமாரியும் சாம்பல், அவரும் சாம்பல்.

“அது பழசு மாமா. முன்னாடி திறந்ததை உங்க ஃபோன் பிடிச்சு வச்சிருக்கு. நெட்டு வேற ஆமையா இருக்கு. எல்லாரும் பாக்குறதுல நீங்க கலராத்தான் இருக்கீங்க.”

“எல்லாருக்கும் நான் உசிரோட இருக்கேன். எனக்கு மட்டும் செத்துட்டேன்.”

“ஐயோ, அப்படி இல்ல மாமா. விரலை வச்சு மேலேருந்து கீழே ஒரு இழு இழுங்க. புதுசு வந்துரும்.”

“எது நெசம்? அதா, இதா?”

“அதுதான் மாமா. இது பழசு.”

“நேத்தும் எல்லாருக்கும் மாறும்னுதான் சொன்ன. மாறுச்சு. என்னையும் சேத்து மாத்திப்புட்ட.”

வெளியே கான்வாயின் முதல் வண்டிகள் ஃபெர்ரியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் படியேறி வருவார்கள். ஃபோனைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், மறுபடி ஃபோனைப் பார்ப்பார்கள்.

“நான் இழுத்து விடட்டுமா மாமா?” என்று நளினி கை நீட்டினாள்.

“வேணாம். உன் விரலு பட்டது போதும்.”

இருவரும் ஒரே சாம்பலில் இருந்த ஃபோனை அப்படியே சட்டைப் பையில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வருகிறவர்கள் எதிரே வர, அவர் ஜெட்டிப் பக்கம் போனார். ஒருவன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். காத்தமுத்து நிற்கவில்லை.