லாம்பி அரங்கம் வடக்கே போனது

பிப்ரவரி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், லாம்பி கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அரங்கம் பதினொரு அடி வடக்கே நகர்ந்தது. யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய வெர்னா ஹோய்க்கலா, வாசற்கதவு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததைக் கண்டு, பதினொரு அடி கூடுதலாக நடந்து உள்ளே போய், ஐஸைத் தேய்த்து வழவழப்பாக்கும் வண்டியைக் கிளப்பினாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக அந்த வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். ஐஸில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். அவருக்கு அது போதும். கல்லூரி ஆட்கள் வந்து, கட்டடம் விட்டுப்போன பள்ளத்தில் ஜல்லி கொட்டி, நடைபாதையைக் கொஞ்சம் நீட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று காலைதான் கல்லூரி, தன் அணி ஆடிவந்த பழைய வடக்கு லீகை விட்டுத் தெற்கு லீகில் சேரலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தது. யோசனை புதிய தலைவர் பிரெஸ்டன் கீலுடையது. வெயில் கொளுத்தும் அரிசோனாக்காரர், நல்ல மனிதர், இங்கத்திக் குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி போடுகிறவர். வடக்கு லீகின் நார்ட்பெர்க் கல்லூரிக்குப் பஸ்ஸில் போக ஐந்து மணி நேரம். ஆடிவிட்டு வரும் பையன்கள் திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி வழிகிறார்கள். தெற்கு லீகிலோ எல்லா ஊரும் இரண்டு மணி நேரத்துக்குள். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வெர்னாவுக்குத்தான் அது ஒப்பவில்லை. நார்ட்பெர்க் பஸ்ஸை ஓட்டி வருகிறவர் லெய்ஃப் துவெத், மனைவியை இழந்தவர். பத்தொன்பது வருடமாக, வருடத்துக்கு இரண்டு முறை, வண்டிக் கொட்டகையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வெர்னா கொண்டுவரும் ஹாட்டிஷைச் சாப்பிடுவார். கொத்துக்கறி மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டது. “ரோடு எப்பிடி?” என்பாள். “வழுக்குது,” என்பார். “பஸ்ல ஹீட்டர் வேலை செய்யுதா?” “பரவால்ல.” பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு தடவையை வைத்துத்தான் அவள் வருடம் முழுவதையும் ஓட்டினாள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சந்தோஷமாக இருந்தாள்.

தலைவர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். லாம்பிக்காரர்களுக்கு முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது. வீட்டுக்கு ஊதா பெயின்ட் அடித்தவனிடமும், உப்பில்லாத மீனைப் பரிமாறியவளிடமும் “ஒரு தினுசா இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குமேல் கடுமையான சொல் அந்த ஊரில் கிடையாது. அன்று வந்த அறுபது பேரும் காபியைக் குடித்துவிட்டு, வரிசையாக, “ஒரு தினுசா இருக்கு” என்றார்கள். வெர்னாவும் அதையேதான் சொன்னாள். ஊரே இப்படிக் கொதித்ததைப் பார்த்ததில்லை என்று பாதிரியார் பிறகு சொன்னார். தலைவரோ, திட்டத்தின் புதுமையை எல்லோரும் மெச்சினார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அரங்கம் நிற்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நாளுக்கு இரண்டு மைல், மூன்று மைல் போயிற்று. குழாய்களும் மின்கம்பிகளும் தாமே நீண்டு கொடுத்தன. ஷெரிஃப் வந்து, நீளச் சரக்கு லாரிகளுக்குக் கட்டுவதுபோல் பின்சுவரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனார். தெற்கு லீகிலிருந்து அரங்கத்தைப் பார்வையிட வந்த இரண்டு பேர், ஒரு நாள் முழுக்கத் தேடியலைந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். மார்ச் மாதக் கடைசி ஆட்டத்துக்கு லெய்ஃப் இரண்டரை மணி நேரத்திலேயே வந்து சேர்ந்தார். ஹாட்டிஷை வாங்கிக்கொண்டு, “நீங்க லீகை விட்டுப் போறீங்களாம், அடுத்த வருஷம் என்னை வேற ஊருக்கு ஓட்டச் சொல்லிட்டாங்க,” என்றார். வெர்னா, “ஓ,” என்றாள். வண்டியில் ஏறி ஐஸை மூன்று முறை தேய்த்தாள். நடுவர் விசில் ஊதி அவளை இறக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மதியம், அரங்கத்திலேயே, எல்லோர் முன்னாலும் தலைவர் தெற்கு லீகில் சேரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். வெர்னா எழுந்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “நார்ட்பெர்க் பஸ் வந்தாத்தான் நான் அவரைப் பாக்க முடியும். அவரைப் பாக்காம என்னால இருக்க முடியாது.”

பயிற்சியாளர் குனிந்து அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். பிறகு தபால்காரர் எழுந்து, தனக்கும் வேண்டாம் என்றார். சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது போலும், அறுபது பேரும் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள்.

“அன்னிக்கு எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே?” என்றார் தலைவர்.

“நல்லாருக்குன்னு யாருங்க சொன்னது?” என்றார் தபால்காரர். “ஒரு தினுசா இருக்குன்னுதானே சொன்னோம்.”

தலைவர் இரண்டு தொப்பியையும் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, பேனாவை மூடினார். அரங்கம் அன்றோடு நின்றது, லாம்பிக்கும் நார்ட்பெர்க்குக்கும் சரிபாதியில், ஒரு பீட்ரூட் வயலில். அது திரும்பி வராது என்பது தெரிந்ததும் இரண்டு கல்லூரிகளும் அதையே சொந்த அரங்கமாக வைத்துக்கொண்டன. ஆட்டத்தன்று எந்த அணி விருந்தாளி என்பதைக் காசு சுண்டி முடிவு செய்கிறார்கள்.

வெர்னா சொன்னது தபால்காரர் வழியாக இரண்டே நாளில் நார்ட்பெர்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. லெய்ஃப் பதிலாக ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை. வெர்னா வெட்கத்தில் ஒரு வாரம் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலை லெய்ஃப் காபிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தபோது, தபால்பெட்டி வடக்கே தள்ளி நிற்பதைக் கண்டார். அவர் வீடு பதினான்கு அடி தெற்கே, லாம்பிப் பக்கமாக வந்திருந்தது. அவர் உள்ளே போய்ப் பீங்கான் தட்டுகள் உருளாதபடி அலமாரியில் துணி அடைத்தார். போகிற வழியில் இடிக்கக்கூடாது என்று வேலியைப் பிரித்து வைத்தார். பிறகு, தான் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது என்பதால், திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.