தொழுவத்துக் காளான்

ஊற்றுக் குழாய் தண்ணீருக்குப் பதில் சேற்றைக் கக்கியதற்காகப் பக்கத்து வீட்டுக் காளியாயி சண்டைக்கு வந்திருந்தால் ஜென்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பாள். ஆனால் காளியாயி வாய் திறக்கவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜென்சியின் வாசலைத் தாண்டி, கீழே ஓடையை நோக்கி இறங்கினாள். பின்னாலேயே அவள் மருமகளும் இறங்கினாள். முந்தின நாள் மழையில் மேட்டுச் சரிவின் ஒரு பக்கம் அப்படியே வழுக்கி வந்து ஊற்றை மூடியிருந்தது. அந்தச் சரிவில் மேய்ந்தவை ஜென்சி வீட்டு மாடுகள்.

ஜென்சியின் கணவன் ரெக்ஸ் பேத்துப்பாறை மலைக்கிராமத்தில் கறிக்கு மாடு வளர்ப்பவன். சந்தையில் மெலிந்த காளைக்கன்றுகளை வாங்கிவந்து, சரிவில் மேயவிட்டு, தேறியதும் விற்பான். அவன் அப்பா காலத்தில் தொழுவத்துக்குள் அடங்கிய தொழில்தான். கேரளாவுக்குக் கொண்டுபோகும் வியாபாரி வரத் தொடங்கியதும் மந்தையாகப் பெருகிவிட்டது. புல் பற்றாமல் கன்றுகள் சோலைக்காட்டு ஓரத்து மர நாற்றுகளையும் கடித்தன. வேர் போன இடத்தில் மண் இளகிக் கிடந்தது. இதெல்லாம் ரெக்ஸுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும், பக்கத்துச் சரிவையும் குத்தகைக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே ஜென்சி சொன்னாள். “அந்தச் சரிவ எடுக்காதீங்க. இருக்கறதுலயும் பாதிய வித்துருங்க.”

ரெக்ஸ் சோற்றிலிருந்து கையை எடுத்தான். “ஊர்ல உள்ளவனெல்லாம் நம்ம சட்டிய எட்டிப் பாக்குறது பத்தாதுன்னு நீயும் ஆரம்பிச்சிட்டியா?”

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கொடைக்கானலில் படிக்கும்போது, அவள் சாப்பாட்டு டப்பாவில் மாட்டுக்கறியைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் மூடியைப் போடவில்லை. நிதானமாகக் கடைசி எலும்பு வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். இந்தக் கறியில் அவளுக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. மாதா கோயில் திருவிழாவில் ஊருக்கே போடும் அசன விருந்துக்கு ஊரே காத்திருப்பது அவள் கைக்கறிக்குத்தான்.

“சட்டிக்குள்ள என்ன கெடக்குன்னு நான் கேக்கலைங்க. மேட்டுல என்ன நடக்குன்னு கேக்குறேன். நாம திங்கறதுக்கு வளத்தப்ப மலை தாங்குச்சு. லாரிக்கு வளத்தா தாங்காது.”

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வேண்டிய அளவுக்கு மட்டும் நடந்தது. ஊற்றைத் தோண்டிவிடப் போனவன் சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு திரும்பினான். மண்சரிவு தொடங்கிய இடத்துக்கும் ஏறிப் பார்த்திருக்கிறான். அங்கே குளம்புத் தடம் தவிர வேறெதுவும் இல்லை. அந்த வாரமே குத்தகைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டான். பாதி மாடுகளை வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். மிச்சத்தைக் கட்டுத்தறியிலேயே வைத்துத் தீனி போட்டு, வழுக்கிய சரிவைச் சுற்றி முள்வேலி அடித்தான். வேலியடித்து முடித்த அன்று அவளிடம், “இனி என்ன செய்யிறதா இருக்க?” என்று மட்டும் கேட்டான்.

அதற்கு ஜென்சியிடம் பதில் இருந்தது. கொடைக்கானலில் காளான் வளர்ப்புக்குப் பயிற்சி நடந்தபோது போய்வந்திருந்தாள். ஒரு கிலோ மாட்டுக்கறிக்குச் செலவாகும் தண்ணீரையும் நிலத்தையும் பற்றி அங்கே படம் போட்டுக் காட்டினார்கள். மாடு அசைபோட்டு விடும் ஏப்பம்கூட வானத்தைச் சூடாக்குகிறது என்றபோது எல்லோரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். அவள் மனதில் தைத்தது வேறு. காளானுக்கு வேண்டியது வைக்கோலும் இருட்டும் ஈரமும்தான். பாதி காலியாகிவிட்ட தொழுவத்தில் அந்த மூன்றுக்கும் குறைவில்லை.

தடுப்புச் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடித்தாள். வைக்கோலை வேகவைத்து, காளான் விதை தூவி, பைகளில் அடைத்துக் கயிற்றில் தொங்கவிட்டாள். முதல் தடவை எல்லாப் பையிலும் பச்சைப் பூஞ்சை பிடித்துக்கொண்டது. “தொழுவத்துல நாய்க்குடைதான் மொளைக்கும்” என்றாள் மாமியார் கித்தேரியம்மாள். ஜென்சி பைகளைக் குழியில் கொட்டி மூடிவிட்டு, மறுநாள் வெள்ளனே அடுத்த வைக்கோலை அடுப்பேற்றினாள். இந்த முறை பிழிந்தால் நீர் சொட்டாத பதம் வரும்வரை வைக்கோலை உலர்த்தினாள். பைகளின் துளை வழியே வெள்ளை வெள்ளையாகச் சிப்பிக் காளான் விரிந்தது.

அந்த வருட அசனத்துக்கு ஜென்சி இரண்டு அண்டா ஏற்றினாள். ஒன்றில் வழக்கத்தைவிடக் குறைவாக மாட்டுக்கறி. மற்றதில் காளானும் பட்டர் பீன்ஸும். இரண்டுக்கும் ஒரே மசாலா, ஒரே பக்குவம். எது எதுவென்று கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கறி அண்டாவுக்கே போனார்கள். இரண்டும் வாங்கியவர்களும் இருந்தார்கள். கித்தேரியம்மாள் கறி வாங்கியபின் தட்டை இழுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். ஜென்சி ஒரு கரண்டி காளானைப் பக்கத்தில் வைத்தாள். கிழவி தட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

காளியாயிக்கு மாட்டுக்கறி ஆகாது. வருடா வருடம் சோறும் ரசமும் வாழைப்பழமுமாக வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காருவாள். இந்த முறை அண்டா பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். “இதுல அது கலக்கலயே?”

“கலக்கல, சின்னம்மா. கரண்டிகூட வேற.”

காளியாயி தட்டை நீட்டினாள். ஒரு வாய் தின்றுவிட்டு, “காரம் கூட” என்றாள். என்றாலும் நகரவில்லை. இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினாள்.

பாதிப் பந்தியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தட்டும் கையுமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். நடுவில் தண்ணீர் தேங்கித் தார்ப்பாய் தொங்கியதால், பரிமாறிக்கொண்டிருந்த ரெக்ஸ் வாளிகளை வைத்துவிட்டு ஒரு மூங்கிலால் அதை மேலே தாங்கிப் பிடித்தான். கையை எடுத்தால் தண்ணீர் அத்தனை பேர் தலையிலும் கொட்டும். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. ஜென்சி ஒரு தட்டில் சோறு போட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பிசைந்து ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள். எந்த அண்டாக் குழம்பு என்று அவன் கேட்கவில்லை. இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தபடி, தார்ப்பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தான். மழை இன்னும் பலமாக விழுந்தது. அவன் மென்றுகொண்டிருந்தான். ஜென்சி அடுத்த கவளத்தை உருட்டினாள்.