மூன்றாவது பச்சைப் புள்ளி

மகளுக்கு மாடியில் இன்டர்நெட் சரியாக வரவில்லை என்று சுவரில் துளை போடக் கிளம்பிய திருமூர்த்தி, வீட்டுக்குள் இன்டர்நெட்டைக் கொண்டு வருகிற ஒரே ஒரு ஃபைபர் ஒயரைத் துளைத்துவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைகிற பட்டறை அவருடையது. இருபத்தெட்டு வருடமாக லேத்தில் நின்று, ஒரு நூல் இப்படி அப்படிப் போகாமல் துளை போட்டுப் பழகிய கை. அந்தக் கை, அத்தனை பெரிய சுவரில் வேறு எங்கும் போகாமல், நேராக அந்த ஒயரின் மேலேயே போய் இறங்கியது. மேலே அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங்கில் இருந்த லோகப்பிரியா, வாயைப் பாதி திறந்த நிலையில் பதினோரு பேர் முன்னால் திரையில் உறைந்து போனாள். படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஏனுங்கப்பா, என்ன பண்ணுனீங்க?"

"மேல நெட்டு வரலீன்னியே கண்ணு. இப்பக் கீழயும் வராது. ரெண்டு பக்கமும் சமமாயிருச்சு பாரு."

அவள் சிரிக்கவில்லை. மனைவி புவனா ட்ரில்லிங் மிஷினை வாங்கிக்கொண்டு போய் அரிசி ட்ரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தன்னுடைய நகைச்சுவைக்குச் சொந்த வீட்டில் மதிப்பில்லை என்பது திருமூர்த்திக்குப் பழகிப்போன துக்கம்.

மறுநாள் நெட் கனெக்‌ஷன் பார்க்கிற கரீம் வந்து அறுந்த ஒயரை ஒட்டவைத்தான். துளையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "இனிச் சொவத்துல கை வைக்க வேண்டாமுங்ணா. பழைய டிவி ஒயரு ஊடு பூரா ஓடுதுங்களே, அதுலயே நெட்டை ஏத்திப்போடலாமுங்" என்றான். கேபிள் டிவிக்கு இழுத்த அந்தத் தடித்த கறுப்பு ஒயரின் ஒரு முனையில் ஒரு டப்பா, இன்னொரு முனையில் இன்னொரு டப்பா. கீழே இருக்கிற டப்பா நெட்டை ஒயருக்குள் தள்ளும், மாடியில் இருக்கிற டப்பா அதை வாங்கிக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம். மொட்டை மாடியில் ஒயர் பிரிகிற இடத்தில் துருப்பிடித்துக் கிடந்த சின்னப் பெட்டியை மாற்றிப் புதிதாகப் போட்டான். அதிலிருந்து நாலு ஒயர்கள் இறங்கின. ஒன்று ஹாலுக்கு, ஒன்று மாடி அறைக்கு, ஒன்று படுக்கையறைக்கு. நாலாவது, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பின்பக்கமாக இறங்கிப் போயிற்று.

பின்பக்கம் தம்பிதுரையின் பாகம். அப்பா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டை முன்பாதி, பின்பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். முன்பாதிக்கு ரோட்டுப் பக்கம் வாசல், பின்பாதிக்குச் சந்துப் பக்கம் வாசல். இரண்டுக்கும் நடுவில் இருந்த கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. கரண்டு மீட்டர், தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க், இரண்டு பக்கமும் கிளை நீட்டியிருந்த கருவேப்பிலை மரம் வரை பெரியவர்களை வைத்துப் பேசிப் பிரித்தார்கள். டிவி ஒயர் யார் நினைவுக்கும் வரவில்லை.

தம்பி அந்தப் பாகத்தைப் பூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்கு, மாமனார் தோப்பைப் பார்க்கிறேன் என்று போய் நாலு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணனிடம் பேச்சு இல்லை. ஏன் என்று திருமூர்த்தி கேட்காத ஆள் இல்லை. அந்தக் கதவை அடைத்தபோது சுவர் நாலு இஞ்சு பின்பாதிக்குள் போய்விட்டது, அதுதான் காரணம் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நாலு இஞ்சுக்கு நாலு வருடம். இஞ்சுக்கு ஒரு வருடம் என்றால் இந்த வருடத்தோடு கணக்கு முடிய வேண்டுமே என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தச் சந்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. அவன் வந்து பேசட்டும் என்றொரு ரோஷம்.

கரீம் போகும்போது போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். ஒயரில் எத்தனை டப்பா உயிரோடு இருக்கிறதோ அத்தனை பச்சைப் புள்ளி காட்டும். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று. இரண்டு புள்ளி. பட்டறையில் இருந்துகொண்டே வீட்டு நெட் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஒயரை அறுத்த பாவத்துக்குப் பரிகாரம் போல மணிக்கொரு தரம் அதைப் பார்க்க ஆரம்பித்தார் திருமூர்த்தி. சிலர் சாமி படத்தைப் பார்ப்பதுபோல.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, மூன்றாவதாக ஒரு பச்சைப் புள்ளி வந்தது.

போனைத் துடைத்துப் பார்த்தார். மூன்று. நாலேகால் வரை இருந்துவிட்டு அணைந்தது. மறுநாள் அதே மூன்றரை, அதே நாலேகால். வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். மூன்று இருபத்தொன்பது. இரண்டு புள்ளி. மூன்றரை. மூன்று. யாரோ இருட்டில் ஒற்றைக் கண்ணைத் திறந்ததுபோல இருந்தது. உடம்பில் ஒட்டியிருந்த ஆயிலும் வேர்வையும் சில்லிட்டுப் போயிற்று.

கரீமுக்குப் போன் செய்தார்.

"ரெண்டு டப்பாதானப்பா வெச்சே? மூணு காட்டுது?"

"காட்டுங்களாண்ணா?" என்றான். "பழைய ஒயருங்ணா. சமயத்துல அப்படித்தானுங் காட்டும்."

"ஒயரு மணி பாத்துட்டா காட்டும்?"

"இருக்குமுங்ணா. லைன்ல இருக்கேனுங், அப்பறம் கூப்புடறேன்."

ராத்திரி சாப்பிடும்போது புவனாவிடம் சொன்னார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எலி கிலி ஒயரக் கடிச்சிருக்குமுங்க" என்றாள்.

"எலி கடிச்சா ஒண்ணு கொறையும். கூடுமா?"

"என்னமோங்க, எனக்கென்னங்க தெரியும்." லோகப்பிரியா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இந்த ஊரில் நேரான பதில் ஒன்றை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இருக்குமுங்க என்றால் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. அந்த 'ங்க' ஒரு தலையணை. எந்தக் கேள்வியை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அதில் போய்ப் பொத்தென்று விழுந்து சத்தமில்லாமல் கிடக்கும்.

திருமூர்த்தி தானும் லேசுப்பட்டவர் இல்லை. யாரைப் பார்த்தாலும் அடுத்த நிமிடம் அவர்களைப் போலவே பேசிக் காட்டிவிடுவார். கரண்டு ஆபீஸ்காரர், கட்சிக்காரர், பட்டறைக்கு வருகிற பழைய இரும்பு வியாபாரி எல்லாரும் அவர் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். கிணத்துக்கடவில் அக்கா மகன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் பேசிக் காட்டியதை இன்றைக்கும் சொல்லுவார்கள். அதில் உச்சம், தம்பிதுரை சம்பந்தியிடம் பாயசம் கேட்பதுபோலச் செய்ததுதான். தம்பிதுரைக்குச் சின்ன வயதிலிருந்தே முதல் எழுத்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். 'ப... ப... ப...' என்று இவர் மைக்கில் நிறுத்தி நிறுத்தி இழுக்க, மண்டபமே குலுங்கியது. முன் வரிசையில் இருந்த தம்பிகூடக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். தங்களுக்குள் எல்லாம் நன்றாக இருந்த கடைசி நாள் என்று திருமூர்த்தி அதைத்தான் நினைத்து வைத்திருந்தார். அதற்கு அடுத்த மாதம்தான் தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

திங்கட்கிழமை மூன்றேகாலுக்குப் பட்டறையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். புவனா இல்லை. இந்த ஒரு மாதமாக மத்தியானம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் நடை சாத்தியிருக்குமே என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. மாடியில் லோகப்பிரியா ஆங்கிலத்தில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு அறையில், அடைத்த கதவு இருந்த இடத்தில் இப்போது ஃபிரிட்ஜ் நின்றது. போனைப் பார்த்தார். மூன்றாவது புள்ளி வந்தது. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்துக் காதை வைத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குரல்.

"த... ண்... ணி."

குரல் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. மெதுவாகச் சுற்றுகிற பழைய டேப்பில் வருவதுபோல, ஒவ்வொரு எழுத்தும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல வந்தது. கொஞ்சம் இடைவெளி. "சா... வி." மறுபடி இடைவெளி. "க... த... வு." ஒரு வீட்டில் இருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாக யாரோ எண்ணிப் பார்ப்பது போல. அப்பா கடைசி ஒரு வருடம் பேச்சில்லாமல் படுத்துக் கிடந்தது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். திருமூர்த்திக்குத் தலையை வெளியே எடுக்கத் தோன்றியது, எடுக்க முடியவில்லை. ஒரு பெண் குரல், குழந்தையிடம் பேசுவதுபோல, ஏதோ கேட்டது. நெடுநேரம் சத்தமில்லை.

"தி... ரு..."

மூச்சு வாங்கியது.

"...மூர்... த்தி."

ஃபிரிட்ஜ் மோட்டார் உர்ரென்று ஓடத் தொடங்கியது. அவர் துள்ளிப் பின்னால் வந்ததில் மேலே இருந்த பிளாஸ்டிக் பூச்சாடி உருண்டு விழுந்தது. "ஏனுங்கப்பா?" என்று மாடியிலிருந்து சத்தம். பதில் சொல்லத் தொண்டையில் எந்தக் குரலும் இல்லை. அத்தனை பேர் குடியிருந்த தொண்டை.

செருப்புப் போட்டாரா என்று தெரியாது. ரோட்டைச் சுற்றிக்கொண்டு, நாலு வருடமாக மிதிக்காத சந்துக்குள் போனார். வெயில் அப்பிக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. தம்பியின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கேட்டுக்குக் கீழே சருகு குவிந்து கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பூட்டிய வீடுதான், நாலு வருடமாகப் பூட்டியே கிடக்கிற வீடுதான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு திரும்பி இரண்டடி வைத்தார். எதுவோ சரியில்லை. மறுபடி வந்து பார்த்தார்.

பூட்டு உள்பக்கம் தொங்கியது.

ஓடியிருப்பார். ஆனால் கை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "உள்ள யாருங்க?" என்று கேட்டார். பேய்க்கும் மரியாதை கொடுக்கிற ஊர்.

செருப்புச் சத்தம் வந்தது. சாவி திரும்பியது. கேட்டைத் திறந்துகொண்டு, கையில் கரண்டியோடு நின்றாள் புவனா.

"இதா உன் மாரியாத்தா கோயிலு?" என்று ஒரு வாக்கியம் அவருக்குள் பழக்கதோஷத்தில் எழும்பியது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது தானாகவே அடங்கிப் போயிற்று. அவள் வழியை விட்டு ஒதுங்கினாள்.

அப்பா படுத்திருந்த அறையில், நாற்காலியில் தம்பிதுரை உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எதிரே மேசையில், வீடியோ காலில், ஒரு டேப்லெட். அதில் பயிற்சி கொடுக்கிற ஒரு இளம்பெண், கையில் சாவிப் படம் போட்ட அட்டையோடு. காலடியில், சுவரிலிருந்து வந்த கறுப்பு ஒயரின் நுனியில், மூன்றாவது டப்பா.

"ஸ்ட்ரோக்குங்க மாமா" என்றாள் தம்பி மனைவி, சுவரோரமாக நின்றுகொண்டு. "ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து போய்வர லேசுங்கன்னு வந்தோமுங்க. பேச்சுக்குப் பயிற்சி தினமும் இதுலதானுங்க, சாமான் பேரு, ஊட்டாளுக பேருன்னு. லோகு கண்ணுதான் இந்த டப்பாவ வாங்கிக் கரீமு தம்பிய உட்டு மாட்டிக் குடுத்துச்சு."

"எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசமுங்க" என்றாள் புவனா.

ஒரு மாதம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தம்பியின் நாற்காலிக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில்.

"எல்லாருக்குந் தெரியும். ஒயரு மாட்டறவனுக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. அந்த நாலு இஞ்சுக்குத்தானா? செவுத்த இடிச்சுத் தள்ளி வெச்சுக் குடுத்திருப்பேனே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா..."

"சொல்லலாம்னுதானுங்க இருந்தோம், நீங்க வேற பட்டற வேலைல..."

மறுபடி தலையணைகள். "எங்கிட்ட மட்டும் எதுக்கு மறச்சீங்க?" என்றார்.

தம்பிதுரை இடது கையைத் தூக்கினான். இரண்டு பெண்களும் நிறுத்திக்கொண்டார்கள். டேப்லெட்டில் இருந்த பெண்ணும் அட்டையைக் கீழே இறக்கி வைத்தாள். அவன் அண்ணன் பக்கம் திரும்பவில்லை, திரும்ப அவனுக்கு நேரமாகும். நேராகத் திரையைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

"ப... பே... சி..."

கழுத்து நரம்பு புடைத்தது.

"...கா... ட்டு... வீ..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல்ல வேண்டியது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. எல்லாருக்கும் புரிந்தும்விட்டது. ஆனால் மீதியை விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. அண்ணன் மூத்தவர் அல்லவா. கோணிய வாயை இன்னும் ஒரு பக்கமாக இழுத்து, எச்சில் வழிய, அந்தக் கடைசித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இந்த அறை தெரிந்தது. முன்னால் தம்பி. அவன் தோளுக்குப் பின்னால் அவர். இரண்டு முகத்திலும் வாய் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு இழுத்துக்கொண்டு, ஒரே எழுத்துக்காகத் திறந்திருந்தது.

"...ங்... க" என்றான் தம்பிதுரை.