தூக்கத்துக்குப் பத்துக்கு எட்டு

லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். மனைவி இறந்துபோனதிலிருந்து தூக்கம் கெட்டு மனநல ஆலோசகரிடம் வந்தவர், மூன்று வாரம் கிணற்றில் போட்ட கல்லாக உட்கார்ந்திருந்தார். நேருக்கு நேர் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது என்று புரிந்ததும், ஆலோசகர் இரண்டு நாற்காலிகளையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். பேச்சு வந்தது. கிரீஸ் வாசனைக்கு அவள் தும்முவதைப் பார்த்து அவரும் சட்டை மாற்றிக்கொண்டு வரலானார்.

ஒவ்வொரு வாரமும் முதலில் ஒரு தாள் கொடுப்பாள். எப்படித் தூங்கினீர்கள், பத்துக்கு எத்தனை? இரண்டில் தொடங்கியது மெல்ல ஏறி இன்றைக்கு எட்டு. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னே? வீட்டுக்குப் போனால் ஏனென்று கேட்க நாதியில்லை. வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியாம்மா?" என்பாள். சமைக்காத நாளிலும் இவள் "ஆச்சுடி" என்பாள். அத்தோடு சரி. வாரம் முழுக்க அவள் கேட்கும் ஒரே நல்ல சேதி இந்த மனுஷனின் தூக்கம்தான்.

"இனிமே நீங்க வர வேண்டியதில்ல. இன்னைக்கோட முடிச்சுக்கலாம்," என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், பார்வையை ஜன்னலிலிருந்து எடுக்காமல்.

மெக்கானிக் திருதிருவென்று முழித்தார்.

"மேடம், அது ரெண்டுதான்."

"எது?"

"தூக்கம். இன்னமும் ரெண்டுதான்."

"அப்புறம் எதுக்குங்க எட்டுன்னு போட்டீங்க?"

"ஒரு தடவை சும்மா மூணு போட்டேன். உங்க முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. அப்புறம் குறைச்சுப் போட மனசு வரல. என்னால சந்தோஷப்பட வேற யாரு இருக்காங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. அழ வந்தவரிடம் ஐந்து மாதமாக ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாளே, வெட்கங்கெட்டவள்!

எட்டை அடித்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

"உள்ளதைப் போடுங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே?"

"இருக்கும். அதை நான் பாத்துக்கறேன். நீங்க அடுத்த வாரமும் வாங்க."

அவர் இரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு, அந்த அறையில் முதல் தடவையாக, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லடி. மூணு நாளா அடுப்பே பத்த வைக்கல."

"ஏம்மா?" என்றாள் மகள். அத்தோடு போனை வைத்துவிடவில்லை.