இரைக் கொட்டகைச் சுவரில் மிதக்கும் மிதவைகள்

அமெரிக்காவின் மெய்ன் கரையை ஒட்டிய எங்கள் ஹேக் தீவில், மீன்பிடிக்க இரை விற்கும் கொட்டகையின் சுவரில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த மிதவைகள் கடல் ஏறும்போது ஏறும், வற்றும்போது இறங்கும். கோடையில் வரும் வெளியூர்க்காரர்கள் சிலர் அதையே உற்றுப் பார்த்துவிட்டுத் தலைசுற்றி வாந்தியெடுப்பார்கள். அவர்களுக்காக ஓரத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறோம்.

சுவரில் வரைந்த வருஷம் தீவே இரண்டுபட்டுக் கிடந்தது. கீழத்துறைக்காரர்களுக்கும் மேலத்துறைக்காரர்களுக்கும் சிங்கி இறாலுக்குக் கூடு போடும் எல்லையில் தகராறு. எங்களிடம் ஒரு முறை உண்டு. எல்லை தாண்டியவனின் கூட்டை மேலே மிதக்கும் மிதவையோடு இணைக்கும் கயிற்றில் முதலில் இரண்டு முடிச்சுப் போட்டு எச்சரிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் கத்தி. அந்த வருஷம் முடிச்சுப் போடுகிற மரியாதையும் போய், எடுத்ததுமே கத்திதான். கயிறு அறுந்தால் மிதவை போய்விடும், கூடு கடலடியில் கிடக்கும், ஒரு வீட்டின் குளிர்காலச் சாப்பாடும் அதோடு போச்சு. கீழத்துறை ஹார்லன் டயரும் மேலத்துறை ராஸ்கோ ஃபில்புரூக்கும் இரை வாங்கும் வரிசையில்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் பள்ளிக்கூடம் தீவுக்கு ஒன்றுதானே! ஹார்லனின் மகள் வில்டாவும் ராஸ்கோவின் மகன் ஆன்சலும் அங்கே ஒரே பெஞ்சு.

பெரியவர்கள் அடித்த கூத்தில் பிள்ளைகளுக்கு வெறுத்தே போய்விட்டது. இரண்டு துறைக்கும் பொதுவான இரைக் கொட்டகைச் சுவரில் எல்லா வீட்டு மிதவைகளையும் சேர்த்து வரைவது என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டு மிதவைக்கும் ஒரு நிறம் உண்டு; இன்னொருவன் நிறத்தைத் தொட்டால் எங்கள் தீவில் அது திருட்டு. வில்டா அதிலேயே கை வைத்தாள்.

"அவங்கவங்க வீட்டுத அவங்கவங்க வரைஞ்சா அதுல என்ன இருக்கு? உங்களுத நான் வரையறேன், எங்களுத நீ வரை."

"எங்கப்பா என் தோலை உரிச்சிடுவாரு," என்றான் ஆன்சல்.

"எங்கப்பா மட்டும் மிட்டாயா குடுக்கப்போறாரு? பிரஷ்ஷை எடு."

ஃபில்புரூக் வீட்டுப் பச்சையையும் நடுவில் மஞ்சள் பட்டையையும் வில்டா பிசிறில்லாமல் தீட்டினாள். மறுநாள் காலை எல்லா மிதவைகளும் கூரையோரம் ஏறி நின்றன, மதியம் கீழே இருந்தன. பெயிண்ட் மட்டம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு நாளில் அந்தப் பேச்சும் அடங்கி, கடல் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று சுவரைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஹார்லனுக்குத்தான் பொறுக்கவில்லை. "எம்பொண்ணு கையால அவன் நிறமா? ஊரே சிரிக்குது," என்றார். யாரும் சிரிக்கவில்லை, நன்றாக இருக்கிறதென்றுதான் சொன்னார்கள் என்று வில்டா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. விடியற்காலைப் பனிமூட்டத்தில் கத்தியோடு தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் இரை வரிசையில் எல்லாரும் நிற்கும்போது, சுவரில் இருந்த பச்சை மஞ்சள் மிதவை கட்டு விட்டுப்போனது. பலகை பலகையாக நகர்ந்து சுவர் மூலைவரை மிதந்து போய்க் காணாமல் போயிற்று. யார் கயிறு அறுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுத்தது யார் என்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அன்று கடலுக்குப் போயிருந்த ஒரே படகு அப்போதுதான் துறைக்குள் வந்தது. ஆன்சல் வில்டாவின் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நேராக அப்பாவின் படகுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அது நான் வரைஞ்சதுப்பா."

ஹார்லன் சுவரைப் பார்த்தார். வெறும் பலகை. மறுபடி கடல் பக்கம் படகைத் திருப்பினார்.

பாதாளக் கரண்டி போன்ற கொக்கியைக் கயிற்றில் கட்டி, தான் அறுத்துவிட்ட கூடுகளைத் தேடிக் கடலடியைத் துழாவ ஆரம்பித்தார். ராஸ்கோ தன் படகில் பின்னாலேயே போனார். கைகலப்புத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பனிமூட்டத்தில் அறுத்தவருக்கு என்ன தெரியும், கூடு கிடக்கும் சரியான இடம் ராஸ்கோவுக்குத்தானே தெரியும்? "அங்க என்னத்தத் துழாவுற, இன்னும் கொஞ்சம் வடக்கே போய்யா," என்று அவர் கத்தியது கரைவரை கேட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் கடைசிக் கூட்டுக்கும் ஹார்லன் மிதவை கட்டினார். பச்சை மஞ்சள் மிதவை சுவர் மூலையைச் சுற்றி வந்து தன் இடத்தில் நின்றது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கடற்பறவைகள் எழுந்து பறந்தன.

அதற்குப் பிறகு எங்கள் தீவில் கத்தி இரை நறுக்கத்தான். வெட்கத்தால் வந்த அமைதி என்று வேண்டுமானால் சொல்லுங்கள், எங்களுக்கு அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகள் செய்த வேலை அது.

வில்டா வளர்ந்து சொந்தப் படகு வாங்கி, சிவப்பும் நீலமும் தன் நிறம் என்று எடுத்தாள். அந்த வருஷத்துப் பிள்ளைகள் அதைச் சுவரில் வரைய வந்தபோது கடல் ஏறியிருந்ததால் ஏணி தேவைப்பட்டது. ஹார்லன் ஒரு பக்கம் பிடித்தார், ராஸ்கோ மறு பக்கம். கடைசிப் பட்டை காய்வதற்குள்ளேயே மிதவை மற்றவற்றோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது.

"எம்பொண்ணோடது எப்படி நிக்குது பாத்தியா?" என்றார் ஹார்லன்.

"பாக்கலாம்தான்," என்றார் ராஸ்கோ. "உன் தலையைக் கொஞ்சம் நகத்து."